பாடம் போட்ட படம்

செல்வி, குமார், உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் குமார் வீட்டு டி.வி.யில் ஒரு வெள்ளைக்காரப் பேய்ப்படம் ஓடியது. அதில் எல்லாரும் நல்ல தமிழில் பேசினார்கள். குமார் என்னிடம், "ஏம்ப்பா, நீங்க கொட்டகையில வேலை பார்த்தப்ப இங்கிலீஷ் படத்துக்கு யாரு தமிழ்ல பேசினது?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டான். அது விளையாட்டு இல்லை. எழுதி வைத்தால்தான் நம்புவீர்கள் போலிருக்கிறது.

நான் ரிட்டயர் ஆனபோது கொட்டகையில் புக்கிங் கிளார்க். உங்களுக்குத் தெரிந்த அப்பா அந்த அப்பாதான். அதற்கு முன்னால் நான் செய்த வேலைக்கு ஒரு பெயரே கிடையாது. சம்பளப் பட்டியலில் கேட் கீப்பர் என்று இருக்கும். ஊரில் என்னை 'மைக்குக்காரர்' என்பார்கள்.

எட்டாவது வரை திருவெள்ளறையில் படித்தேன். அதற்குமேல் அங்கே விவசாயத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. திருச்சிக்கு வந்து, மெயின்கார்டு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தேன். தரை டிக்கெட் ஜனங்கள் சத்தம் போட்டால் அடக்குவதும் என் வேலை. அப்படி ஒருநாள் நான் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

மேனேஜர் பெயர் வரதன். ஸ்ரீரங்கத்து அய்யங்கார். காலையில் கொள்ளிடத்தில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வந்துவிடுவார். வாசலில் பெருமாள் படத்துக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் கொட்டகைக் கதவைத் திறக்க விடுவார். யாரையும் நாலு பேர் முன்னால் திட்டியது கிடையாது. நம் வேலையில் பிசகு இருந்தால், பக்கத்தில் வந்து நின்று, "மூணாவது ரீல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மூணாவது ரீலில் நான் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறேன், படம் முடிந்ததும் அவர் அறைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். போனால் முதலில் ஒரு தகர டப்பாவைத் திறந்து பனங்கற்கண்டு கொடுப்பார். அதை வாயில் போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேச முடியாது. அதற்காகத்தான் கொடுக்கிறாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அப்போது இங்கிலீஷ் படங்கள் நன்றாக ஓடும். பொன்மலை ரயில்வே ஆட்களும் காலேஜ் பிள்ளைகளும் இராத்திரி ஆட்டத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு மைக் வேண்டாம். மத்தியான ஆட்டத்துக்கும் சாயங்கால ஆட்டத்துக்கும் வருகிறவர்கள் வேறு. லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் சந்தைக்கு வந்தவர்கள், காந்தி மார்க்கெட் மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். வரதன் சார் என்னை எடுத்துக்கொண்டார்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படப்பெட்டி வந்ததும் காலையில் ஆளில்லாத கொட்டகையில் ஒருதரம் ஓட்டுவோம். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லுவார். நான் மனப்பாடம் பண்ணிக்கொள்வேன். ஆபரேட்டர் ரூமை ஒட்டி ஒரு ஸ்டூல், ஒரு மைக், எதிரே கொட்டகையைப் பார்க்க ஒரு சதுர ஓட்டை. ஆபரேட்டர் காசிம் பாய். நான் விரலைத் தூக்கினால் அவர் படத்தின் சத்தத்தைக் குறைப்பார். மடக்கினால் ஏற்றுவார். அந்த விரல் அசைவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பிசகியதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

மேனேஜர் எனக்குச் சொன்னதெல்லாம் இதுதான்: "படத்துக்கு முன்னாடி ஓடிடாதே. பின்னாடி நின்னுடாதே. கூடவே போ. முகம் பெரிசா வந்து அழறச்சே வாயை மூடிக்கோ. அழறதுக்கு பாஷை கிடையாது."

ஒருமுறை சண்டைப் படம் ஓடும்போது சவுண்டு பெட்டி புகைந்து, சத்தம் அடியோடு நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. குதிரை, துப்பாக்கி, கதாநாயகி, வில்லன் எல்லாவற்றுக்கும் நானே குரல் கொடுத்து அந்த ரீலை ஓட்டினேன். சத்தம் திரும்பி வந்தபோது தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர், "பெட்டியை அமுக்குய்யா, நீயே பேசு" என்றார். காசிம் பாய் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கை அவ்வளவு லேசில் பைக்குள் போகாது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

அதன் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. நோட்டீஸில் 'ஒத்தைமலை விடுதி' என்று போட்டிருந்தோம். சுற்றிலும் ஊரே இல்லாத ஒரு மலை. முழுக்கப் பனி. உச்சியில் ஒரு பழைய பங்களா, அதுதான் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். தலைமை டீச்சர் ஒரு கறுப்பு உடுப்புக்காரி, நெட்டையான பொம்பளை. அவள் இராத்திரியில் ஒவ்வொரு பெண்ணாக மாடி அறைக்குக் கூட்டிப்போய், மெழுகுவத்தி வைத்து ஏதோ முணுமுணுப்பாள். அந்தப் பெண் துவண்டு போகும். டீச்சருக்கு வயது குறையும்.

மாதிரி ஓட்டத்தில் இதைப் பார்த்ததுமே வரதன் சார் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஸ்திரீ என்ன பண்றான்னா... அது பண்றா" என்றார்.

"எது சார்?"

"அதுதாம்ப்பா."

"எதுன்னு சொன்னாத்தானே சார் நான் மைக்குல சொல்ல முடியும்?"

அவர் குரலைத் தணித்து, "பில்லின்னு சொல்லுவாளே, அந்த வகையறா" என்றார்.

"ஓ, சூனியமா சார்?"

அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வார்த்தை மட்டும் நம்ம மைக்குல வரப்படாது. பெருமாள் படம் இருக்கற இடம். கொழந்தை குட்டியோட வரா. திரும்பத் திரும்பச் சொன்னா வந்து உக்காந்துக்கும்."

முழுப் படமும் அதுதான். அந்த வார்த்தையைச் சொல்லாமல் எப்படிக் கதை சொல்வது? காசிம் பாய் உள்ளேயிருந்து, "கல்யாணப் படத்துல தாலின்னு சொல்லாம ஓட்டுங்கற மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஊர் ஞாபகம் வந்தது. தேள் கொட்டினால் திருவெள்ளறையில் என் மாமா வேப்பிலையால் தடவிக்கொண்டே வாய்க்குள் ஏதோ சொல்லுவார். அதை நாங்கள் 'பாடம் போடறது' என்போம். மந்திரம் என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

"சார், பாடம் போடறான்னு சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் கண்ணை மூடி அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "பாடம்... பாடம். பேஷ். அமங்கலமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தறது" என்று டப்பாவைத் திறந்தார்.

இன்னொரு இடமும் இருந்தது. படத்தின் நடுவில் ஒரு பெண்ணின் அப்பா குதிரை வண்டியில் வந்து, மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் ரிப்பனை ஒரு பொம்மையின் கழுத்தில் சுற்றுவாள். வண்டி காட்டைத் தாண்டுவதற்குள் பெண் அப்பாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிவிடும். அது செத்துப் போகிறது. வரதன் சார், "அங்கே ஒண்ணும் சொல்லாதே. தூங்கறாள்னே இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டேன்.

படம் வெளியான அன்று மத்தியானமே கொட்டகை நிரம்பிவிட்டது. "அந்தம்மா இப்ப மாடிக்குப் போறாங்க. கதவைச் சாத்தறாங்க. பாடம் போடப் போறாங்க" என்று நான் மெதுவாகச் சொன்னதும், பெண்கள் பக்கத்திலிருந்து, "அடியே, போகாதடி" என்று குரல் வந்தது. ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. சூனியம் என்றிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாரும் பாடத்துக்குப் பயந்தவர்கள்தானே.

இரண்டே நாளில் அந்தச் சொல் வெளியே போய்விட்டது. ஜட்கா வண்டிக்காரர் குதிரையைப் பார்த்து, "நடக்கறியா, பாடம் போடவா" என்றார். பூக்காரம்மா பேரம் பேசுகிறவரிடம், "இப்பிடியே பேசுனீங்கன்னா பாடம் போட்டுருவேன்" என்றார். நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். நான் வைத்த வார்த்தை ஊர் வாயில் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியான ஆட்டம். நான் கேட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்த பிறகுதான் மாடியில் மைக் இருக்கும் இடத்துக்கு ஓடுவேன். வரிசையில் ஒருவர் தோளில் தகரப் பெட்டியோடு நின்றார். விவசாயி என்பது காலைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குப் பின்னால் பாவாடை சட்டையில் ஒரு பெண். பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"பெட்டியை உள்ள கொண்டு போகக் கூடாதுங்களே" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு தம்பி. லால்குடிக்கு அந்தாண்ட போகணும். ஹாஸ்டல்ல நடக்கறதையெல்லாம் இங்கதான் காட்டறாங்களாமே. ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா, ஊருக்குப் போயி பதில் சொல்ல வசதியா இருக்கும்."

"எந்த ஹாஸ்டல்லங்க?"

"எம் மவ படிக்கற ஹாஸ்டல்தான். உறையூர்ப் பக்கம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பஸ்ஸுல வரும்போதே சொன்னாங்க. ஹாஸ்டல்ல ராத்திரியில பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாடம் போடறாங்களாம், ரத்தமே சுண்டிப் போயிருதாம். நான் நம்பலை. நேரா போயி இவளைக் கேட்டேன். ஏன்டி தனம், உங்களுக்கு ராத்திரியில பாடம் போடறாங்களான்னு. ஆமாப்பா, தினம் ராத்திரி பாடம் உண்டு, வார்டனம்மாதான் போடுவாங்கங்குறா. எப்படி இருக்கும் எனக்கு? ஆளும் எளைச்சுப் போயிருக்கா பாருங்க."

எனக்குக் கையில் இருந்த டிக்கெட் கிழியவில்லை.

"அது படிக்கற பாடம்ப்பா" என்றது அந்தப் பெண். அந்த ஒரே வாக்கியத்தை அது வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். குரல் தேய்ந்திருந்தது.

"சும்மா இரு. உனக்குப் போட்டிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். பிறகு என்னிடம், "எங்க ஊர்ல பொட்டப் புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுப் படிக்க வைக்கறது நான் ஒருத்தன்தாங்க. அண்ணன் தம்பி எல்லாரும் வேணாம்னாங்க. நான்தான் வீம்பு பண்ணேன். இப்ப இவளைக் கூட்டிட்டுப் போறேன். வர்ற தையில அத்தை மவனுக்கு முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஐயா, அது சினிமாங்க. வெறும் கதை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க குரலு... நீங்கதான் மைக்குல சொல்றவரா? போன மாசம் ஒரு குதிரைப் படம் பார்த்தேன், நீங்கதான் சொன்னீங்க. அப்ப பொய்யா சொல்றீங்க அதுல?"

பொய் என்றால் என் தொழிலே பொய். நிஜம் என்றால் அந்தப் பெண்ணின் படிப்பு போச்சு. "நீங்க உள்ள வந்து பாருங்க. பெட்டியை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, அவர்களைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

வரதன் சார் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"சார், இன்னிக்கு மட்டும் சூனியத்தைச் சூனியம்னே சொல்லிடறேன். பாடம்னா படிக்கற பாடம்னு ஆயிடும். அவர் பொண்ணு சொல்றது அவருக்குப் புரிஞ்சிடும். இல்லைன்னா அந்தப் பொண்ணு ஊருக்குப் போனது போனதுதான்."

"வெளியிலே கூட்டிண்டு வந்து சொல்லிப் பார்த்தியோ?"

"சொன்னேன் சார். மைக்குல சொல்றதைத்தான் நம்பறார். நேர்ல சொல்றதை நம்பலை."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மணி அடித்தது. எங்கள் கொட்டகையில் மணி அடித்துவிட்டால் விளக்கு அணைந்தே ஆக வேண்டும். அவர் வைத்த சட்டம்.

அவர் திரும்பி, "அமங்கலம்னு ஒரு வார்த்தையை நாம ஒளிச்சு வெச்சோம். அது போய் ஒரு கொழந்தையோட பாடத்துமேல உக்காந்துடுத்து. இதைவிட என்ன அமங்கலம் வேணும்? போ. எது எதுவோ அதை அதுவாவே சொல்லு" என்றார். நான் வாசலைத் தாண்டும்போது, "அந்த வண்டி சீனையும்" என்றார்.

விளக்கு அணைந்தது. நான் விரலைத் தூக்கினேன்.

"இது ஒரு பள்ளிக்கூடம். இங்க பகல்ல நல்ல பாடம் நடக்குது. எழுதறாங்க, கணக்குப் போடறாங்க" என்று ஆரம்பித்தேன். அந்தக் காட்சி படத்தில் உண்டு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுவார்கள். இதுவரை அங்கே நான் ஒன்றும் சொன்னதில்லை. காசிம் பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கறுப்பு உடுப்புக்காரி மாடி ஏறினாள். "இந்த அம்மா செய்யறது பாடம் இல்லைங்க. சூனியம்" என்றேன்.

உடனே தரை டிக்கெட்டிலிருந்து, "யோவ் மைக்கு, பாடம்னு சொல்லுய்யா. நேத்து அப்பிடித்தானே சொன்ன?" என்று ஒரு குரல். மூன்றாம் தடவை, நாலாம் தடவை பார்க்க வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு அந்த வார்த்தைதான் வேண்டும். "பாடம், பாடம்" என்று கை தட்டினார்கள். விசில் பறந்தது.

கொட்டகையோடு நான் ஒருநாளும் மைக்கில் பேசியதில்லை. கதையோடுதான் பேசுவேன். அன்றைக்குப் பேசினேன்.

"அண்ணன்மார்களே, பாடம்னா அது நம்ம புள்ளைங்க படிக்கறது. விளக்கு வெச்சுக்கிட்டு, ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கறது. அந்தப் பேரை இவளுக்குக் கொடுத்தது தப்பு. இவ பண்றதுக்குப் பேரு சூனியம். நான் இனிமே அப்படித்தான் சொல்லுவேன். பிடிக்காதவங்க இடைவேளையில சோடா குடிச்சுட்டுத் தெம்பா வந்து சத்தம் போடுங்க."

சிரித்தார்கள். சிரித்துவிட்டால் கூட்டம் நம் பக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "ஆம்பளைங்க வாயை மூடுங்கய்யா, கதை கேக்கல" என்றார். அதோடு அடங்கிப் போனது.

ஓட்டை வழியாகச் சுவரோர பெஞ்சைப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில் அந்த விவசாயி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குதிரை வண்டி வந்தது. அப்பா மகளை ஏற்றிக்கொண்டார். ஜன்னலில் டீச்சர், கையில் ரிப்பன், பொம்மை. வண்டி பனியில் போகிறது. பெண் அப்பாவின் தோளில் சாய்கிறது. கண்ணை மூடுகிறது. என் விரல் தானாகத் தூக்கிக்கொண்டது. மைக்குக்குக் கிட்டே போனேன்.

"இந்தப் பொண்ணு தூங்கலைங்க" என்றேன்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அப்பனின் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. விரலை மடக்கினேன். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. நேற்று வரை அந்த இடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம் கேட்கும்.

படத்தின் முடிவில், பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்ட, செத்துப் போனவளின் தோழிப் பெண் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து, டீச்சர் முணுமுணுப்பதை முழுக்கக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்ளும். கடைசி இராத்திரி தன்னைத் தேடி டீச்சர் வரும்போது, அதையே அவள் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லும். நெட்டைப் பொம்பளை நிற்கிற இடத்திலேயே கிழவியாகிச் சாம்பலாவாள். விடிந்ததும் பிள்ளைகள் எல்லா ஜன்னல்களையும் திறப்பார்கள். "வீட்டுக்குப் போன பொண்ணு தப்பலைங்க. இருந்து கத்துக்கிட்ட பொண்ணுதான் தப்பிச்சுது" என்றேன். படத்துக்கு முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் நிற்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

விளக்கு போட்டார்கள். நான் இறங்கி வந்தபோது அப்பாவும் மகளும் மாடிப்படி அடியில், நான் வைத்திருந்த தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். என்னைப் பார்த்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளைத்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்க வார்டனம்மா இன்னிக்கு ராத்திரி என்ன பாடம் போடுவாங்க?"

"பூகோளம்ப்பா."

"அதுல என்ன வரும்?"

"காவேரியைப் பத்தி வரும். எங்க பிரியுது, எங்க கடல்ல சேருதுன்னு."

"முக்கொம்புல பிரியுது. இதுக்கு ஒரு பாடமா? எங்க வயக்காட்டு எருமை மாட்டைக் கேட்டாச் சொல்லும்."

"எங்க பொறக்குது, சொல்லுங்க?"

அவர் மகளையே பார்த்தார். அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்து, அதிலேயே நெல் விளைவிக்கிறவர்.

"குடகு மலையிலப்பா. ஒரு சின்னக் குளம் மாதிரி இருக்குமாம். அங்கேருந்துதான் நம்ம வாய்க்காலுக்கு வருது."

அவர் என்னைப் பார்த்து, "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். லால்குடி பஸ் நிற்கிற பக்கம் திரும்பவில்லை. உறையூர் போகும் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தது. முன்னால் நடந்தது என்பதைக் கவனியுங்கள். வரும்போது பின்னால் வந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் வரதன் சார் பெருமாள் படத்துக்கு இன்னொரு தடவை கற்பூரம் காட்டினார். கொட்டகை முழுக்கச் சாம்பிராணி போட வைத்தார். அந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தால் எழுந்து போகட்டும் என்று. பிறகு ஆபரேட்டர் ரூமுக்கு வந்தார். "மூணாவது ரீல்" என்பார் என்று காத்திருந்தேன். டப்பாவையே என் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, "இனி எல்லா ஆட்டத்துக்கும் இப்படியே" என்று சொல்லிவிட்டுப் போனார். காசிம் பாய், "டப்பாவோட குடுத்துட்டாரே தம்பி. இந்தக் கொட்டகையில எவனுக்கும் நடந்ததில்லை" என்றார். அந்தத் தகர டப்பாவில்தான் உங்கள் அம்மா பிறகு கடுகு போட்டு வைத்தாள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஜட்காக்காரர் கொஞ்ச நாள் குதிரையிடம் பாடம் போடவா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஊர் வாயில் போன வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் மைக்கில் அது வரவில்லை.

அப்புறம் இங்கிலீஷ் படங்கள் வருவது குறைந்தது. வந்தவையும் தமிழ் பேசிக்கொண்டே வர ஆரம்பித்தன. மைக்கைக் கழற்றி வைத்தார்கள். நான் புக்கிங்குக்குப் போனேன். உங்களை வளர்த்தேன்.

செல்வி, இனி எழுதுவது உனக்கு. நீ மூணாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டே வந்தாய். "எங்க டீச்சர் சூனியக்காரிப்பா. வீட்டுக்கு மூணு பாடம் போட்டிருக்காங்க. நான் இனிமே அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்றாய். உன் அம்மா, "போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க. சின்னப் புள்ளைக்கு இவ்வளவா போடறது?" என்றாள். மறுநாள் உன்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் மட்டும் வகுப்பு வாசலுக்குப் போனேன்.

டீச்சர் குனிந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார். நான், "வணக்கம்ங்க. செல்வியோட அப்பா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பென்சில் நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை. முகத்தைப் பார்க்காமலே, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"செல்வியோட அப்பாங்க. பாடம் கொஞ்சம் அதிகமா..."

தனலட்சுமி டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பெயரை வைத்துக்கூட எதுவும் தோன்றவில்லை. தனம் என்று ஒரு தரம் காதில் விழுந்ததோடு சரி. அவருக்குத்தான் குரல் ஞாபகம் இருந்தது.

"மைக்குல சொன்னவங்கதானே நீங்க?" என்றார். பிறகு மரத்தடியில் அழுதுகொண்டிருந்த உன்னை எட்டிப் பார்த்தார். "புள்ளைய விட்டுட்டுப் போக வந்தீங்களா, கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"விட்டுட்டுப் போகத்தாங்க" என்றேன்.

அன்றைக்கு வீட்டில் நீ மூன்று பாடத்தையும் எழுதி முடிக்கிற வரை நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன்ப்பா சிரிக்கறீங்க என்று கேட்டாய். இதற்குத்தான்.